ரோஸ்காப் பசும்புழு

பிரெஞ்சு நாட்டின் வடமேற்கில், பிரிட்டனிப் பகுதியில், ரோஸ்காப் என்னும் கடற்கரை ஊர் உளது. அங்கே கடல்நீர் வற்றிப் பின்வாங்குங்கால், ஈரமணலில் ஆங்காங்கே பச்சைநிறத் திட்டுகள் தோன்றும். காண்போர் அவற்றைப் பாசி என்றே எண்ணுவர். ஆனால், அருகிற் சென்று காலை ஊன்றினால், அத்திட்டு மணலுள் மறைந்துவிடும். பாசி இவ்வாறு ஓடி ஒளிவதில்லை. அத்திட்டு எண்ணிறந்த சிறு புழுக்களின் கூட்டமேயாகும்.

இப்புழு சில மில்லிமீட்டர் நீளமே உடையது. இதற்கு வாய் உண்டு, குடல் இல்லை, கழிவாயும் இல்லை. மேல் இது, கீழ் இது என உணர்த்தும் நுண்ணிய உறுப்பொன்று இதன் தலைப்பக்கத்தில் அமைந்துள்ளது. கடல்நீர் ஏறும்போது இது மணலுள் இறங்கி, அலையால் அடித்துச் செல்லப்படாமல் தன்னைக் காத்துக்கொள்ளும். நீர் வற்றியதும் மேலே வந்து வெயில் காயும்.

வெயிலை இது நாடுவது ஏன்? முட்டையினின்றும் வெளிவரும் இளம்புழு நிறமற்றது. அது கடல்நீரில் வாழும் ஒருவகை நுண்பாசியை விழுங்குகிறது. விழுங்கிய பாசிகள் யாவும் செரித்துவிடுவதில்லை. தோலின் கீழே தங்கிப் பெருகுகின்றன. புழுவும் பச்சைநிறம் பெறுகிறது. அப்பாசி கதிரொளியால் உணவை ஆக்கிப் புழுவுக்கு ஊட்டுகிறது. புழுவின் கழிவுப்பொருள் பாசிக்கு உரமாகிறது. வளர்ந்த புழு வேறு இரை தேடுவதில்லை. தாய்ப்புழு தன் பாசியை முட்டை வழியாக மகவுக்கு அளிப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகத் தேடிப் பெறுதல் வேண்டும். பெறாத இளம்புழு வளராது மடியும்.

பச்சைநிறப் புழுக்கள் ஒளியில் உயிர்வளியை வெளிவிடுகின்றன என்பதை ஸ்காத்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1879-இல் வெளியிட்டார். 1914-இல் இந்தியா வந்து, சென்னை மாகாணத்து நகரங்களின் அமைப்பை ஆராய்ந்தவரும் இவரே. பின்னர், பிரடெரிக் கீபிள் என்பார் இப்புழுவைக் குறித்துத் 'தாவர விலங்குகள்' என்னும் பொருள்படும் பெயரால் 1910-இல் ஒரு நூலே எழுதினார்.

இப்புழுவுக்கு 1891-இல் அறிவியற் பெயர் இட்டவர் லுட்விக் வான் கிராப். தட்டையான மெல்லுடலைக் கண்ட விலங்கியலார், இதன் இனத்தைத் தட்டைப்புழு வகுப்பிலேயே நெடுங்காலம் சேர்த்திருந்தனர். 1999-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று அதனை மறுத்தது. உருவம் ஒத்திருப்பினும் இவ்வினமும் தட்டைப்புழுவும் நெருங்கிய உறவுடையன அல்ல என்பது தெளிவாயிற்று. இன்று இது 'ஸெனாசீலோமார்பா' என்னும் தனித் தொகுதியில் வைக்கப்படுகிறது. இடமும் வலமும் ஒத்த உடலுடைய விலங்குகளுள் மிகத் தொன்மையிலேயே பிரிந்த கிளை இத்தொகுதி என்பர் ஒரு சாரார். நட்சத்திரமீன் முதலியவற்றுக்கு உறவானது என்பர் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நிறத்தைக் கண்டு பாசி என்றதும், வடிவத்தைக் கண்டு தட்டைப்புழு என்றதும் ஆய்வின்முன் நிலைபெறவில்லை. புறத்தோற்றம் ஒன்றையே கொண்டு ஓர் உயிரின் இனத்தைத் துணிதல் பொருந்தாது என்பதற்கு இச்சிறு புழுவே சான்றாகும்.