வாக்குத்தத்த அட்டையில் வராத அதிகாரம்... கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேவியராகமம் 19!

பொழுது விடியும் நேரம். சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் முதல் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் டிபன் பை, காதில் இயர்போன். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என ரயில் நின்று நின்று போவதற்குள் வாட்ஸ்அப்பில் 'இன்றைய வசனம்' வந்துவிடுகிறது. சூரியன் உதிக்கும் படம், நடுவில் இரண்டு வரி வேத வசனம், கீழே சபையின் பெயர். பார்த்தவர்கள் கைகூப்பும் எமோஜி ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த குரூப்புக்கு அனுப்புகிறார்கள். கும்மிடிப்பூண்டி வந்ததும் போன் பாக்கெட்டுக்குள் போகிறது.

இதில் தவறேதும் இல்லை. நாள் முழுக்க உலைச் சூட்டில் நிற்கப்போகிறவருக்கு 'பயப்படாதே' என்று சொல்லும் ஒரு வரி பெரிய பலம். ஆனால், அந்த வசனம் ரயில் நிலையத்தோடு நின்றுவிடுகிறதா, தொழிற்சாலை கேட்டைத் தாண்டி உள்ளேயும் வருகிறதா என்பதுதான் கேள்வி. தினமும் வேதம் வாசிக்கிற கிறிஸ்தவர்கள் அவ்வப்போது தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

32 வீடுகளுக்குப் போன வசனம்

'இன்றைய வசனம்' என்ற பழக்கம் செல்போனோடு வந்ததல்ல. 1728 மே 3 அன்று, ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் என்ற சிற்றூரில் நடந்த மாலை ஆராதனையில், அடுத்த நாளுக்கென்று ஒரு வாசகத்தைக் கொடுத்தார் சின்சென்டார்ஃப் பிரபு. மறுநாள் அது ஊரிலிருந்த 32 வீடுகளுக்கும் ஆள் மூலம் போய்ச் சேர்ந்தது. 1731 முதல் ஓராண்டுக்கான வசனங்கள் புத்தகமாகவே அச்சாகத் தொடங்கின. சீட்டுப் போட்டு எடுக்கப்படும் அந்த வசனங்கள் இன்றும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சின்சென்டார்ஃப் சிறுவனாக ஹாலே நகரில் படித்தபோது, தரங்கம்பாடியிலிருந்து வந்த மிஷனெரிகளைப் பார்த்தவர். அவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர். அவர்களில் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் கற்று, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். அவரைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

சீட்டுப் போட்டு வசனம் எடுப்பது நம் ஊர் சபைகளுக்கும் புதிதல்ல. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்காமல் வீடு திரும்பும் குடும்பங்கள் குறைவு. அந்த அட்டை வருடம் முழுக்க பீரோ கதவிலோ, பைபிளுக்குள்ளோ இருக்கும்.

வாசிப்பதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆனி மார்ஸ்டன் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை, தன் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே பைபிள் படிக்க வேண்டும் என்று தினம் ஒரு பகுதியாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். அதுவே 1879-ல் 'ஸ்கிரிப்சர் யூனியன்' வாசிப்பு அட்டையாக அச்சாகி, உலகம் முழுக்கப் பரவியது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. வாக்குத்தத்த அட்டைகளுக்குப் பெரும்பாலும் ஆறுதல் வசனங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். வரிசையாக வாசிக்கும்போது அந்தத் தேர்வு நம் கையில் இல்லை. பிடித்ததும் வரும், உறுத்துவதும் வரும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு திருப்பம்

புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். தினமும் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று படித்தால் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்பது பல சபைகளில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள், யாத்திராகமத்தைத் தாண்டி, பிப்ரவரி முதல் வாரத்தில் லேவியராகமத்தின் நடுவுக்கு வந்துவிடுவார்கள்.

அங்கேதான் சிலர் சோர்ந்துபோகிறார்கள். பலி முறைகள், தோல் நோய்க்கான விதிகள், சுவரில் படரும் பூஞ்சைக்கான விதிகள்... 'இதெல்லாம் நமக்கு எதற்கு?' என்று பக்கத்தைத் தள்ளிவிடத் தோன்றும். அப்படித் தள்ளும்போது கையைவிட்டுப் போவது 19-ஆம் அதிகாரம்.

தன்னைப்போல் பிறனையும் நேசிக்கச் சொல்லும் கட்டளையை இயேசு சொன்னது எல்லோருக்கும் தெரியும். அவர் அதை எடுத்தது இந்த அதிகாரத்தின் 18-ஆம் வசனத்திலிருந்துதான். கத்தோலிக்கத் திருச்சபையில் தவக்காலத்தின் முதல் வாரத் திங்கட்கிழமை திருப்பலியில் இந்த அதிகாரத்தின் பகுதிதான் முதல் வாசகம். அதே நாளின் நற்செய்தி வாசகம், பசித்தவருக்கு உணவு கொடுத்தாயா, அந்நியரை ஏற்றுக்கொண்டாயா என்று கேட்கும் மத்தேயு 25.

பிறனை நேசிப்பது என்றால் என்ன என்று இந்த அதிகாரம் பொதுவாகப் பேசிவிட்டு நகர்வதில்லை. கூலி, தராசு, வதந்தி, வெளியூர்க்காரர் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நின்று படித்தால், ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு விலாசம் கிடைக்கும்.

கூலி: விடியும்வரை வைத்திருக்காதே

13-ஆம் வசனம், வேலை செய்தவரின் கூலியை மறுநாள் காலைவரை கையில் வைத்துக்கொள்வதைக் குற்றம் என்கிறது. உபாகமம் 24 இன்னும் கறாராக, சூரியன் மறைவதற்குள் கொடுக்கச் சொல்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது. அவர் ஏழை, அந்தக் கூலியை நம்பித்தான் அன்றைய அடுப்பு எரிகிறது.

நம் நாட்டில் 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடா சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்கள் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும், மற்றவை 10-ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் தர வேண்டும் என்றது. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு, தினக்கூலிக்காரருக்கு ஷிப்ட் முடியும்போதே கூலி தரச் சொல்கிறது. மோசேயின் சட்டம் சொன்ன இடத்துக்கே இதுவும் வந்து சேர்ந்திருக்கிறது.

இது முதலாளிகளுக்கு மட்டுமான வசனமும் அல்ல. ஆட்களை வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டர், ஓவர்டைம் கணக்கை எழுதும் சூப்பர்வைசர், வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு 'சேஞ்ச் இல்லை, நாளைக்கு வாங்கிக்கோ' என்று சொல்லும் குடும்பத்தலைவி, கொத்தனாருக்குப் பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்காரர் என எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கான்ட்ராக்டரும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் அடுத்தடுத்த வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். இருவரும் படிப்பது ஒரே வேதம்.

எடைமேடை, எச்சரிக்கைப் பலகை

35, 36-ஆம் வசனங்கள் சரியான தராசு, சரியான படிக்கல் பற்றிப் பேசுகின்றன. இரும்பு உருட்டாலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு லாரி லாரியாக வருகிறது, கம்பியாக வெளியே போகிறது. இரண்டு முறையும் லாரி எடைமேடையில் ஏறுகிறது. அங்கே பில் போடுகிறவருக்கு லேவியராகமம் பழைய புத்தகம் அல்ல. தினமும் பலமுறை கையெழுத்துப் போட வேண்டிய புத்தகம்.

14-ஆம் வசனம், காது கேளாதவரைத் திட்டுவதையும் பார்வையற்றவர் நடக்கும் வழியில் தடுக்கல் வைப்பதையும் தடுக்கிறது. தனக்கு எதிரே உள்ள ஆபத்து தெரியாத ஒருவரின் நிலையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளாதே என்பது அதன் சாரம். தமிழ் படிக்கத் தெரியாத தொழிலாளியைத் தமிழ் எச்சரிக்கைப் பலகைக்குக் கீழே நிறுத்தி, மெஷினைப் பற்றி எதுவும் சொல்லித்தராமல் வேலை வாங்கினால், அவர் வழியில் கிடக்கும் தடுக்கலை வைத்தது யார்?

நீங்களும் ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள்

ஒடிசா, பீகார், அஸ்ஸாம், மேற்கு வங்கம் எனப் பல மாநிலத்தவர் இன்று கும்மிடிப்பூண்டியில் வேலை செய்கிறார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் வாடகை அறைகளில் தங்கியிருக்கிறார்கள். 33, 34-ஆம் வசனங்கள் இவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்கின்றன. உங்கள் நடுவில் தங்கியிருக்கும் அந்நியனை உங்களில் ஒருவனாக நடத்துங்கள், உங்களைப்போலவே நேசியுங்கள் என்பது கட்டளை. நீங்களும் எகிப்தில் அந்நியர்களாக இருந்தீர்களே என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

எகிப்து என்ற இடத்தில் தமிழர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும், மலேயா ரப்பர் தோட்டத்தையும், ரங்கூனையும் வைத்துப் படிக்கலாம். இன்று வளைகுடா நாடுகளின் லேபர் கேம்ப்பில் இருக்கும் மகனையோ, மருமகனையோ நினைத்தும் படிக்கலாம். அங்கே நம் பிள்ளை எப்படி நடத்தப்பட வேண்டும் என்று ஜெபிக்கிறோமோ, இங்கே ஒடிசாக்காரப் பையனை அப்படி நடத்துகிறோமா? ஓர் அறையில் எத்தனை பேரைத் தங்கவைத்து எவ்வளவு வாடகை வாங்குகிறோம்?

புறங்கூறித் திரியாதே என்கிறது 16-ஆம் வசனம். பிறனுடைய உயிருக்கு எதிராக நிற்காதே என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது 2023 மார்ச்சில் புரிந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. காவல்துறை மறுப்பு வெளியிட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்தது. அதற்குள் தொழிலாளர்கள் மத்தியில் பயம் பரவியிருந்தது. காலையில் வசனத்தை அனுப்பும் அதே விரல்தான் வதந்தியையும் அனுப்புகிறது.

பழவேற்காடு சொல்லும் பாடம்

வேதம் வாசிப்பதும் அதன்படி வாழ்வதும் தனித்தனியாகப் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு, இதே திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று சிதிலமாகக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கோட்டையில் பாதிரியார் இருந்தார். 1630-களில் அங்கே பணியாற்றிய ஆபிரகாம் ரோஜரியஸ் எழுதிய நூல், 1651-ல் லெய்டனில் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது.

அதே நூற்றாண்டில் அதே பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கம்பெனி மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அனுப்பியது. பஞ்ச காலங்களில் சோற்றுக்கு வழியின்றி விற்கப்பட்டவர்களும் அதில் உண்டு. மனிதனைத் திருடி விற்பதை யாத்திராகமம் 21 மரண தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. கோட்டைக்குள் வேதம் இருந்தது. அது துறைமுகம்வரை போகவில்லை.

அது பழைய கதை என்று சொல்லிவிடவும் முடியாது. கொத்தடிமை முறை 1976-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பிறகும், திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. முன்பணம் என்ற பெயரில் தொடங்கும் கடன்தான் பெரும்பாலும் விலங்காகிறது.

தரங்கம்பாடியில் ஒரு சிறைவாசம்

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் சீகன்பால்க். 1708-ல் தரங்கம்பாடியில் ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கு எழுந்தது. கடன் அவருடைய இறந்த கணவரின் காலத்தது. சீகன்பால்க் அந்தப் பெண்ணுக்காகப் பேசினார். ஏற்கெனவே அவர்மேல் கடுப்பில் இருந்த டேனிஷ் தளபதி ஹாசியஸ் அவரைக் கைதுசெய்து, நான்கு மாதங்கள் சிறையில் அடைத்தார். அவரும் டேனிஷ் அரசர் அனுப்பிவைத்தவர்தான். வாயை மூடிக்கொண்டு தன் மொழிபெயர்ப்பு வேலையை மட்டும் பார்த்திருந்தால் அந்தச் சிறை இல்லை.

விடுதலைக்குப் பிறகு அவர் புதிய ஏற்பாட்டை முடித்தார். 1719-ல் இறப்பதற்குள் பழைய ஏற்பாட்டையும் ரூத்தின் புத்தகம்வரை தமிழாக்கம் செய்திருந்தார். அதில் லேவியராகமமும் அடக்கம். ஏழையின் கூலியைப் பற்றிய வசனத்தைத் தமிழில் எழுதியபோது, ஏழைக்காகப் பேசியதற்கான விலையை அவர் ஏற்கெனவே கொடுத்திருந்தார்.

தினமும் வாசிக்க... சில யோசனைகள்

* வாக்குத்தத்த வசனத்தோடு ஒரு பகுதியையாவது வரிசையாகவும் படியுங்கள். கடினமான பகுதி வந்தால் தாண்டாமல், மெதுவாகப் போங்கள்.

* நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு விடியற்காலை தியானம் சாத்தியமில்லை. தூங்கப் போகுமுன் பத்து நிமிடம் போதும். படிக்கக் கண் ஒத்துழைக்காவிட்டால் ஆடியோ பைபிள் இருக்கிறது.

* படித்து முடித்ததும், 'இது எனக்கு என்ன தரும்?' என்பதோடு, 'இது இன்று யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?' என்றும் கேளுங்கள். ஒரு பெயராவது மனதில் வரும்.

* குடும்ப ஜெபத்தில் லேவியராகமம் 19-ஐ ஐந்து நாள்களுக்குப் பிரித்துப் படிக்கலாம். பெரியவர்களுக்கு எழுந்து நிற்பது, கதிர் பொறுக்க வருகிறவர்களுக்காக வயலின் ஓரத்தை விட்டுவைப்பது போன்றவை பிள்ளைகளுக்கும் எளிதில் புரியும்.

* யாருக்காவது பாக்கி இருந்தால், முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள். சகோதரனுக்கு நம்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொல்கிறது மத்தேயு 5.

மாலையில் அதே ரயில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குத் திரும்புகிறது. காலையில் வந்த வசனம் போனில் எங்கோ மேலே போயிருக்கும். தேடி எடுத்து இன்னொரு முறை படிக்க இதுவும் நல்ல நேரம்தான். இன்று யாரிடம் எப்படி நடந்துகொண்டோம் என்பது இப்போது தெரியுமே!