பதிவான பத்திரம் எதற்குச் சாட்சி?

வீடோ மனையோ வாங்கப் போகிறவர்கள் வக்கீலிடமும் பத்திர எழுத்தரிடமும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பதிவைச் சுற்றியே இருக்கின்றன. பத்திரம் பதிவாகுமா, எப்போது பதிவாகும், செலவு எவ்வளவு? தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் அரசுக்குப் போகிறது. இவ்வளவு வாங்கிக்கொண்டு, கைரேகையும் புகைப்படமும் எடுத்து, முத்திரை குத்திக் கொடுக்கும் பத்திரம் சொத்துக்கே அரசு தரும் உத்தரவாதம் என்று எண்ணத்தான் தோன்றும். சட்டத்தில் அதற்கு இடமில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிகிறது, உரிமையைப் பதிவதில்லை. இன்னார் இன்னாருக்கு இதை எழுதிக்கொடுத்தார் என்பதற்கு மட்டுமே சார்பதிவாளர் சாட்சி. எழுதிக்கொடுத்தவருக்கு அந்தச் சொத்து சொந்தமா என்பது அவர் ஆராயும் விஷயமல்ல.

இதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தெளிவாக்கியது. விற்பவர் தனக்குச் சொத்து வந்த மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று மாநிலப் பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டிருந்தது. அந்த விதி மூலச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்வையும் கட்டணமும் செலுத்தி முறைப்படி தாக்கல் செய்த ஆவணத்தை, விற்பவருக்கு உரிமை இல்லை என்று சொல்லிச் சார்பதிவாளர் திருப்பி அனுப்ப முடியாது. அதேபோல, உரிமையே இல்லாதவர் எழுதிக்கொடுத்த பத்திரம் பதிவாகிவிட்டதாலேயே வாங்கியவருக்கு உரிமை வந்துவிடவும் செய்யாது. தீர்ப்பின் இந்த இரண்டாம் பாதிதான் வீடு வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது. மூலப்பத்திரத்தைக் காட்டுவதைச் சட்டத் திருத்தத்தின் வழியே கட்டாயமாக்க மாநில அரசு பிறகு முயன்றது. நல்ல முயற்சிதான், ஆள்மாறாட்டம் குறையும். ஆனால் அசல் காகிதம் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, அந்தக் காகிதத்தின்படி சொத்து முழுவதும் இவருடையதுதானா என்று தீர்மானிப்பது வேறு. பின்னதைச் செய்யக்கூடியது உரிமையியல் நீதிமன்றம் மட்டுமே.

அப்படியானால் வில்லங்கச் சான்றும் பட்டாவும் எதற்கு என்ற கேள்வி வரும். இரண்டும் தேவை, இரண்டும் போதாது. வில்லங்கச் சான்றில் வருவது பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த ஆவணங்கள் மட்டுமே. உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பீரோவில் இருக்கும் உயில் வில்லங்கத்தில் தெரியாது. எழுத்தில் எதுவும் இல்லாமல் மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடனும் தெரியாது. அதனால்தான் நகலை ஏற்காமல் அசலைப் பார்க்க வேண்டும் என்று வக்கீல்கள் அடம்பிடிக்கிறார்கள். பட்டாவோ வருவாய்த் துறையின் பதிவு. அது உரிமை ஆவணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. ஆனாலும் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் பரப்பும் பட்டாவோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே ஏதோ கதை இருக்கிறது என்று பொருள்.

கதை பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான் இருக்கும். உயில் எழுதாமல் இறந்த ஒரு இந்து ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தை எடுத்துக்கொள்வோம். மனைவி, மகன், மகள் மூவரும் சேர்ந்து கையெழுத்திட்டு விற்கிறார்கள். பத்திரம் பதிவாகிறது, வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது. இறந்தவரின் தாய் அப்போது உயிரோடு இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி மக்களுக்குச் சமமான பங்கு அவருக்கு உண்டு. அவரும் பின்னர் உயில் இன்றிக் காலமாகியிருந்தால் அந்தப் பங்கில் விற்பவரின் பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் வந்து நிற்பார்கள். பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகள்களின் பங்கு. தமிழ்நாடு 1989இலும் நாடாளுமன்றம் 2005இலும் சட்டத்தைத் திருத்தின. தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் முடிவாகச் சொன்னது. கல்யாணம் செய்து அனுப்பியாயிற்று, சீர் செய்தாயிற்று என்ற ஊர்ப்பேச்சு அங்கே செல்லாது. மைனருக்குத் தனியாகச் சேர்ந்த சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயோ தந்தையோ விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயதை எட்டிய பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வாரிசுச் சட்டமே வேறு. ஆகவே விற்பவரிடம் பத்திரம் இருக்கிறதா என்பதைவிட, இந்தச் சொத்து இவர் கைக்கு எப்படி வந்தது, வழியில் யாராவது விடுபட்டார்களா என்பதே பயனுள்ள கேள்வி. பவர் வாங்கியவர் விற்க வந்தாலும் இதே கேள்விதான். பொது அதிகார ஆவணம் உரிமையை மாற்றாது என்று 2011இலேயே தீர்ப்பாகிவிட்டது. எழுதிக்கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வங்கி கடன் கொடுத்துவிட்டதே, அவர்கள் வக்கீல் பார்த்திருக்க மாட்டாரா என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். பார்த்திருப்பார், வங்கிக்காக. அவருடைய அறிக்கை வங்கிக்குக் கட்டுப்பட்டது. நாளை சொத்தில் வழக்கு வந்தாலும் மாதத் தவணை நிற்காது. கடன் வாங்கியவர் தனிப்பட்ட முறையில் திருப்பிக் கட்டக் கடமைப்பட்டவர். உங்கள் தரப்பில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள ஆகும் தொகை தீர்வைக்கும் தரகுக்கும் கொடுப்பதோடு ஒப்பிட்டால் பொருட்டே அல்ல.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒன்பது சதவீதம் வாங்கும் அரசே உரிமைக்கும் பொறுப்பேற்கக் கூடாதா? கூடாது என்றில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858இல் ராபர்ட் டாரென்ஸ் கொண்டுவந்த முறையில் அரசுப் பதிவேட்டில் இருக்கும் பெயரே இறுதி. ஆனால் அதற்கு முதலில் பதிவேடு சரியாக இருக்க வேண்டும்; தவறான பெயர் ஏறிவிட்டால் உண்மையான உரிமையாளர் அதிகாரியிடம் போய் நிற்க வேண்டிவரும். ஆந்திரப் பிரதேசம் 2022ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டத்தின் வழியே இதை முயன்றது. எதிர்ப்பு கிளம்பி, தேர்தல் விவகாரமாகி, 2024இல் புதிய அரசு அதை நீக்கிவிட்டது. இப்படியொரு முறை இங்கே வரும்வரை ஆராயும் பொறுப்பு வாங்குகிறவருடையதுதான். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த உரிமைக் குறைபாட்டைச் சொல்ல விற்பவரைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அவருக்கே தெரியாத பாட்டியின் பங்கை அவர் எங்கே சொல்வார்?

கட்டுமான நிறுவனத்திடம் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு கூடுதல் பலம் இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 18ஆம் பிரிவுப்படி, நிலத்தின் உரிமையில் குறை இருந்து நஷ்டம் ஏற்பட்டால் கட்டுமான நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும். காலம் கடந்துவிட்டது என்று அது தப்பிக்க முடியாது. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கவும் கூடாது. தனி ஒருவரிடம் பழைய வீடு வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே நம் கையில் இருப்பது கிரய ஒப்பந்தம் ஒன்றே. பெரும்பாலோர் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, நாள் குறித்துவிட்டு, அப்புறம்தான் காகிதங்களை வக்கீலிடம் கொண்டுபோகிறார்கள். அதற்குள் பின்வாங்கினால் அட்வான்ஸ் போய்விடும் என்ற பயம் வந்துவிடுகிறது. உரிமை திருப்திகரமாக இல்லை என்று வாங்குகிறவரின் வக்கீல் கருதினால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். அதற்கு விற்பவர் முகம் எப்படி மாறுகிறது என்பதும் ஆவணங்களோடு சேர்த்துப் பரிசீலிக்கத் தக்கதே.