வலி மாத்திரை: எவருக்கு எவ்வளவு?

வலி மாத்திரையின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். எடை, வயது, ஈரல், சிறுநீரகம், ஏற்கெனவே எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். ஆகவே கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ மருத்துவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் தொடக்க அளவுதான். அடுத்த கிளினிக்கில் நோயாளி சொல்லும் விவரத்தை வைத்தே அதைக் கூட்டுவார், குறைப்பார், அல்லது மருந்தையே மாற்றுவார்.

"வலிக்குது டொக்டர்" என்பது மட்டும் அதற்குப் போதாது. தெல்தோட்டையில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர், "காலையில போட்டா குறையுது, பத்து மணிக்குத் திரும்ப வருது, குனிஞ்சா இடுப்பு உளையுது" என்றால், மருந்து எத்தனை மணித்தியாலம் தாங்குகிறது என்பது தெரிந்துவிடும். "கால் எரியுது, விறைக்குது" என்றால் அது நரம்பு வலியாக இருக்கலாம். பனடோல் அதற்கு அவ்வளவாகக் கேட்காது. அமிட்ரிப்டிலின், ப்ரீகாபலின் போன்றவற்றைச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்திலேயே பலனில்லை என்று நிறுத்திவிடுபவர்கள், கிடைக்கவிருந்த நிம்மதியை இழக்கிறார்கள்.

பனடோல் என்பது பரசிட்டமோல். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு 8க்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அதிலும் குறைவு. தடிமன் மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து இருப்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டைக்குளோபினாக், இபுபுரோபன் ஆகியவை இரைப்பையைப் புண்ணாக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். டெங்கு பரவும் கண்டியில் காய்ச்சலோடு வரும் உடல்வலிக்கு இவற்றைப் போடவே கூடாது, இரத்தக்கசிவு ஆபத்தாக முடியும்.

கிளினிக்கில் கொடுத்த டைக்குளோபினாக்கையே பார்மசியில் வேறு வர்த்தகப் பெயரில் வாங்கிச் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகும். மருந்துகளை அவற்றின் மூலப்பெயரால் வழங்க வேண்டும் என்று போராடியவர் பேராதனை மருத்துவ பீடத்தின் பேராசிரியர் சேனக்க பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாக அவரே காரணமாயிருந்தார். மாத்திரை அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பார்த்து வாங்குவது இன்றும் பெரிய பாதுகாப்பு.

புற்றுநோயின் கடும் வலிக்கு மோர்பின் தேவைப்படலாம். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தயங்காமல் பயன்படுத்தச் சொன்னது. சாதாரண வாய்வழி மோர்பினைப் பொதுவாக 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வலி திரும்பும் முன்பே கொடுப்பார்கள். இடையில் எத்தனை முறை கூடுதலாகத் தேவைப்பட்டது என்று வீட்டார் குறித்து வைத்தால், மறுநாளின் அளவை மருத்துவர் அதிலிருந்தே கணக்கிடலாம். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். அளவுக்கு மீறிய தூக்கமோ மூச்சு மந்தமோ தெரிந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலி தணிந்த பிறகும் மோர்பினைத் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.