வாடகை காத்த கோபுரம்

சிகாகோ நகரின் நட்டநடுவே, வாஷிங்டன் தெருவும் கிளார்க் தெருவும் சந்திக்கும் முனையில், சுண்ணாம்புக்கல் போர்த்திய 23 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. கீழே பெரிய ஆலயம், உச்சியில் கோதிக் பாணிக் கூர்கோபுரமும் சிலுவையும். இடைப்பட்ட தளங்கள் பெரும்பாலும் வாடகை அலுவலகங்கள். எதிரே நீதிமன்றங்கள் இருப்பதால் குடியிருப்பவர்களில் வழக்கறிஞர்கள் அதிகம். 'சிகாகோ டெம்பிள்' என்று பெயர். சொந்தக்காரர், அந்நகரின் முதல் மெதடிஸ்ட் சபை.

இதை ஆலயம் என்று எண்ணிப் பாதுகாப்பதா, வணிகக் கட்டடம் என்று எண்ணிப் பாதுகாப்பதா? மரபுக் கட்டடங்களைப் பற்றிப் பேசுபவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த இரண்டும் ஒன்றாக இருப்பதே இதன் மரபு. அதைப் புரிந்துகொள்ள ஏறக்குறைய 200 ஆண்டு பின்னால் போக வேண்டும்.

இந்தச் சபை தொடங்கியது 1831இல். சிகாகோ நகரமாகப் பதிவானது 1837இல்தான். அதாவது நகரத்தைவிட சபைக்கு வயது அதிகம். 1834இல் ஆற்றுக்கு வடக்கே மரக்கட்டைகளால் ஒரு சிறு ஆலயம் கட்டினார்கள். 1838இல் அந்தக் கட்டடத்தையே ஆற்றைத் தாண்டி நகர்த்தி, இன்றைய முனையில் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றிலிருந்து சபை அந்த மனையை விட்டு அசையவில்லை.

நகரம் வளர வளர, சுற்றிலும் வீடுகள் போய்க் கடைகள் வந்தன. மனையின் விலை ஏறியது. சபையார் தொலைவில் குடியேறினார்கள். நகர மையத்தில் இருந்த பல சபைகள் இந்த நிலையில் மனையை விற்றுவிட்டு மக்கள் வாழும் பக்கம் போய்விட்டன. இவர்கள் 1858இல் வேறு வழி பிடித்தார்கள். நான்கு மாடிக் கட்டடம் எழுப்பி, கீழ்த்தளங்களைக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்கு விட்டு, மேலே ஆராதனை நடத்தினார்கள். செலவு போக மிஞ்சிய வாடகைப் பணம் நகரின் பிற பகுதிகளில் மெதடிஸ்ட் ஆலயங்கள் கட்டப் போனது. ஆக, இன்று நாம் பார்க்கும் ஏற்பாடு 1920களில் யாரோ ஒரு கட்டட வணிகருக்குத் தோன்றிய யோசனை அல்ல. வானளாவிகள் பிறப்பதற்கு முன்பே, அதே மனையில், அதே சபை நடத்திக் காட்டிய முறை.

1871 அக்டோபரில் சிகாகோவைத் தின்ற பெருந்தீயில் அந்தக் கட்டடமும் சாம்பலானது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்த பேரழிவு அது. தீக்குப் பிறகும் சபை அங்கேயேதான் திரும்பக் கட்டியது.

நகர மையத்தில் இருப்பதா, விற்றுவிட்டுப் போவதா என்ற கேள்வி 1920களில் மறுபடி எழுந்தது. சபை நகர மையத்தில் நிற்பது என்று முடிவெடுத்து, ஹோலபர்ட் அண்ட் ரோச் நிறுவனத்திடம் வரைபடப் பொறுப்பைக் கொடுத்தது. எஃகுச் சட்டக வானளாவிகளைக் கட்டிப் பழகிய, சிகாகோவின் முன்னோடிக் கட்டடக்கலை நிறுவனம் அது. 1924இல் கட்டடம் முடிந்தபோது கோபுர உச்சி 568 அடி, அதாவது 173 மீட்டர். அன்றைய உயரக் கட்டுப்பாட்டை மீறிக் கோபுரத்தை எழுப்ப நகரமன்றம் தனி விலக்குத் தந்தது. 1930இல் வணிக வாரியக் கட்டடம் எழும்வரை சிகாகோவில் இதைவிட உயரமானது எதுவும் இல்லை. உயரத்துக்குப் பேர்போன ஜெர்மனியின் உல்ம் பேராலயக் கோபுரம்கூட 161.5 மீட்டர்தான். ஆனால் பெரும்பகுதி அலுவலகம் என்பதால், உலகின் உயரமான தேவாலயங்கள் என்ற வழக்கமான பட்டியலில் சிகாகோ டெம்பிளைச் சேர்ப்பதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த அலுவலகங்கள் இல்லையென்றால் அந்தக் கோபுரமே இல்லையே.

கோபுரத்துக்குள்ளேயே போதகரின் இல்லம் இருக்கிறது. அதற்கும் மேலே, தெருவிலிருந்து சுமார் 400 அடி உயரத்தில், ஒரு சிற்றாலயம். வால்கிரீன் மருந்துக்கடைகளை நிறுவிய சார்லஸ் வால்கிரீனின் நினைவாக அவர் குடும்பம் தந்த நன்கொடையில் 1952இல் அமைந்தது. கீழே உள்ள பெரிய ஆலயத்தின் பீடத்தில், எருசலேமைப் பார்த்து ஏசு கலங்கும் காட்சி மரத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. மேலே உள்ள பீடத்தில் அதே ஏசு, சிகாகோவைப் பார்க்கிறார். இந்த இரண்டு செதுக்கல்களுக்கு நடுவில் இருப்பவை பெரும்பாலும் வாடகைத் தளங்கள். அங்கே குடியிருந்தவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் டாரோ. 1925இல் பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியருக்காக வாதாடி உலகப் புகழ் பெற்ற வழக்கறிஞர். கடவுள் இருப்பதை ஏற்காதவர். அவருக்கும் சபை இடம் கொடுத்தது.

இனி சட்டம். சபைக்குச் சொந்தமான கட்டடத்தில் அரசு எவ்வளவு தலையிடலாம் என்பதில் அமெரிக்க நகரங்கள் ஒரே வழியில் போகவில்லை. நியூயார்க்கில் பார்க் அவென்யூவில் இருக்கும் புனித பர்த்தலோமேயு ஆலயம், தன் சமூகக்கூடத்தை இடித்துவிட்டு 47 மாடி அலுவலகக் கோபுரம் கட்டி, அந்த வருமானத்தில் திருப்பணி செய்ய விரும்பியது. மரபுப் பாதுகாப்பு ஆணையம் மறுத்தது. மத சுதந்திரம் பறிபோகிறது என்று ஆலயம் வழக்காடியது. 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. 1991இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. சிகாகோவில் நிலைமை வேறு. மத அமைப்புக்குச் சொந்தமாகவும், முதன்மையாக வழிபாட்டுக்குப் பயன்படுவதாகவும் உள்ள கட்டடத்தை, உரிமையாளர் சம்மதமில்லாமல் மரபுச் சின்னமாக அறிவிக்க முடியாது என்று 1987 முதல் நகரச் சட்டம் சொல்கிறது.

'முதன்மையாக' என்ற அந்த நிபந்தனையை இந்தக் கட்டடத்துக்கு எப்படிப் பொருத்துவது? பரப்பளவைக் கணக்கெடுத்தால் இது அலுவலகம். எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டால் ஆலயம். வரிச் சட்டம் தன் அளவில் பிரித்துவிடுகிறது: வழிபாட்டுப் பகுதிக்கு விலக்கு உண்டு, லாபத்துக்கு வாடகை விடும் பகுதிக்குக் கிடையாது. மரபுச் சட்டத்தால் அப்படிக் கூறுபோட முடியாது, கட்டடம் ஒன்றுதான்.

சுவரையும் கோபுரத்தையும் காப்பாற்றுவது மரபுப் பாதுகாப்பில் எளிய பாதி. நாளைக்கே இந்த மாடிகளை ஒரு நிறுவனம் வாங்கி விடுதியாக்கி, கீழே ஆலயத்தை விருந்து மண்டபமாக்கினால், வெளியே ஒரு கல்கூடப் பெயராது. எந்த முகப்பு விதியும் மீறப்படாது. ஆனால் 1858இல் தொடங்கிய, வாடகை வாங்கி வழிபாட்டை நகர நடுவில் நிறுத்திய முறை அன்றோடு முடியும். எனவே இக்கட்டடத்தைப் பற்றிய மரபுக் குறிப்பை யார் எழுதினாலும், கட்டடக்கலைஞர் பெயருக்கும் உயரத்துக்கும் முன்னால் உரிமையாளரையும் வாடகைக்காரர்களையும் எழுத வேண்டும்.