தள்ளுபடிக்குப் பின்னால் ஒரு கூட்டல் கணக்கு

புதுக் கார் வாங்குபவர்கள் பேரம் பேசுவது ஒரு வரியில். பணம் போவது வேறு வரிகளில்.

ஷோரூமுக்குள் நுழைபவர் கேட்கும் முதல் கேள்வி: "எவ்வளவு குறைப்பீர்கள்?" விற்பனையாளர் தயங்குவார், மேனேஜர் அறைக்குப் போய் வருவார், பிறகு ஒரு தொகையைச் சொல்வார். குடும்பமே பூரித்துப்போகும். தள்ளுபடி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்சில் 12,000, 'ஹேண்ட்லிங்' என்று 6,000, சீட் கவரும் மிதியடியும் அடங்கிய 'கிட்'டுக்கு 8,000 என்று கூடுதலாகக் கட்டினால், வாங்கியவருக்கு 6,000 ரூபாய் நஷ்டம்.

தள்ளுபடியில்கூட டீலர்களுக்கு எப்போதும் சுதந்திரம் இருந்ததில்லை. நிர்ணயித்த அளவுக்கு மேல் விலையைக் குறைக்கவிடாமல் டீலர்களைக் கட்டுப்படுத்தியதாகவும், வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பி வேவு பார்த்ததாகவும் கூறி, மாருதி சுசூகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்ய, அபராதத்துக்கு அதே நவம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது.

எனவே கவனிக்க வேண்டியது 'ஆன் ரோடு' விலை. அதன் ஒவ்வொரு வரியும் யாருக்குப் போகிறது என்று கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்கு. மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும் அதில் பேரம் இல்லை. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் டீலர் வசூலிக்கும் 1 சதவீத வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 'ஹேண்ட்லிங்', 'லாஜிஸ்டிக்ஸ்' என்ற பெயரில் வருவது எந்த அரசு அலுவலகத்துக்கும் போகாத பணம். அதை நீக்கச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பெரிய இடைவெளி இன்சூரன்சில். புதுக் காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. வித்தியாசமெல்லாம் சொந்த வாகனச் சேதத்துக்கான பாலிசியிலும் கூடுதல் அம்சங்களிலும்தான். தன்னிடமே பாலிசி எடுக்கும்படி டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே விதி வகுத்துவிட்டது. "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது" என்று மிரட்டினால், அந்த ஒர்க்ஷாப்புடன் ஒப்பந்தம் உண்டா என்று காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டுவிடலாம்.

அடுத்தது மாதத் தவணை. 9 சதவீத வட்டியில் 8 லட்சம் கடனை 5 ஆண்டில் அடைத்தால் தவணை சுமார் 16,600 ரூபாய். 7 ஆண்டு என்றால் 12,900-க்குள் அடங்கும். ஆனால் மொத்த வட்டி 1.96 லட்சத்திலிருந்து 2.81 லட்சமாகிவிடும். தவணை குறைந்த சந்தோஷத்துக்கு விலை 85,000 ரூபாய்.

பணத்தைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. கோவாவில் ஒருவர் 2011 மாடலுக்குப் பணம் கட்டினார். கிடைத்ததோ 2009-ல் தயாரான கார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தயாரிப்பாளரும் டீலரும் தனித்தனி வியாபாரிகள். டீலர் செய்தது நிறுவனத்துக்குத் தெரியும் என்று நிரூபிக்காமல் அதைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பெயர்ப்பலகையில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கலாம். ஆனால் அங்கே நடப்பதற்கெல்லாம் கம்பெனி பதில் சொல்லாது.

ஆகவே காரைப் பதிவு செய்வதற்கு முன், பகல் வெளிச்சத்தில் நேரில் பார்த்துவிடுவது நல்லது. சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு ரசீதுடன் ஒப்பிட வேண்டும். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். ஆண்டுக் கடைசியில் தாராளத் தள்ளுபடி கிடைப்பதன் ரகசியமும் அதுதான்: ஜனவரி பிறந்தால் அது போன வருட வண்டி. பத்து வருடம் ஓட்டுபவருக்கு அது லாபம். சீக்கிரமே விற்க நினைப்பவருக்கு அவ்வளவு லாபமில்லை.

தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் "பார்த்துச் செய்றோம் சார்" என்று ஷோரூமில் சொன்ன வார்த்தையை அங்கே நிரூபிப்பது கஷ்டம். முன்பணம் கட்டும்போதே எல்லாவற்றையும் எழுதி வாங்கியவருக்கு அந்தக் கவலை இல்லை.