குரல் இழந்த இளவரசிகள்

காதலனை அடைவதற்காகத் தன் குரலையே சூனியக்காரியிடம் கொடுத்துவிட்டாள் ஒரு கடற்கன்னி. டிஸ்னி ஸ்தாபனத்தார் 1989-ல் வெளியிட்ட 'லிட்டில் மெர்மெய்ட்' சித்திரப் படத்தின் கதை இது. ஆனால், குரல் இழந்தவள் அவள் ஒருத்திதானா?

கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரு மொழியியல் அறிஞர்கள் அமெரிக்காவில் இளவரசிப் படங்களின் வசனத்தை வார்த்தை வார்த்தையாக எண்ணிப் பார்த்தனர். 2016-ல் வெளியான அந்தக் கணக்கு பலரையும் திகைக்க வைத்தது.

1937-ல் வந்த 'ஸ்நோ ஒயிட்' படத்தில் ஏழு குள்ளர்கள் இருந்தும், ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி பேசினார்கள். கடற்கன்னி படத்திலோ 68 சதவிகிதப் பேச்சு ஆண்களுடையது! போர்க்களம் சென்று சீனத்தைக் காத்த வீராங்கனையின் கதையான 'முலான்' (1998) படத்தில் 77 சதவிகிதம். அவளுக்குத் துணையாக வரும் குட்டி டிராகன் அவளைக் காட்டிலும் அதிகம் பேசுகிறது!

காரணம் என்ன? கதாநாயகி ஒருத்திதான் பெண். சுற்றியுள்ள தோழன், காவலன், கடைக்காரன், பேசும் நண்டு என்று பெரும்பாலோர் ஆண்கள். வேண்டுமென்றே செய்த சதி அல்ல; பழக்க தோஷம்.

பெண் என்பதோடு நிறமும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் பரிதாபம். 1940-ல் வந்த 'ஃபான்டேசியா'வில் பாதி பெண், பாதி குதிரையாகச் சில உருவங்கள் வருகின்றன. அவற்றில் கறுப்பினச் சிறுமிக்குக் கிடைத்த வேலை, வெள்ளைப் பெண்ணின் குளம்பைத் துடைத்து மெருகேற்றுவது! பிற்காலத்தில் அந்தக் காட்சிகளை வெட்டிவிட்டார்கள். டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி 2009-ல்தான் தோன்றினாள். ஸ்நோ ஒயிட்டுக்குப் பின் 72 ஆண்டுகள்! அவளும் படத்தின் பெரும்பகுதியில் தவளையாகவே தத்தித் திரிகிறாள்.

மாறுதல் இல்லாமல் இல்லை. பிரெண்டா சாப்மன் என்ற பெண்மணி உருவாக்கிய கதை 'பிரேவ்' (2012). பாதியில் இயக்குநர் பொறுப்பு அவரிடமிருந்து போனாலும், ஆஸ்கார் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அதில் 74 சதவிகிதம் பேசுபவர்கள் பெண்கள். ஆனால் மறு ஆண்டே வந்த 'ஃப்ரோசன்' படத்தில், வசனம் எழுதியவர் பெண்ணாக இருந்தும், இரண்டு இளவரசிகள் இருந்தும், ஆண்கள் பேச்சு 59 சதவிகிதம்! பழக்கம் அவ்வளவு எளிதில் போவதில்லை.

ஒரே படத்தைப் பத்துத் தடவை பார்த்தாலும் சலிக்காத வயது குழந்தைப் பருவம். பாட்டும் வேடிக்கையும் மட்டுமா மனத்தில் பதிகின்றன? யார் பேசுவார்கள், யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது.