முகம் பார்க்கும் கேமரா – நாம் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஆசிரியப் பெருமக்களும், அக்கா அண்ணன்மாரும், தம்பி தங்கைகளும் இதைப் பொறுமையாகப் படிக்கணும்னு கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை அறிவியல் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு முக அடையாளத் தொழில்நுட்பம். அறிவியல்னு பேரு இருந்தாலும் இதில் பாதி கணக்கு, பாதி குடிமையியல்.

சிசிடிவி கேமராவை நாம எல்லோரும் பஸ் ஸ்டாண்டில், கடைத்தெருவில் பார்த்திருக்கோம். சாதாரணக் கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். "இது இன்னார்"னு ஓர் ஆள் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். முக அடையாள மென்பொருள் சேர்ந்த கேமரா அப்படி இல்லை. ஆள் பேரை அதுவே தேடும். ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முகங்களைத் தேடும்.

எப்படி வேலை செய்கிறது?

1. முதலில் படத்தில் முகம் எங்கே இருக்குன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்.

2. பிறகு அந்த முகத்தை வரிசையான எண்களாக மாற்றும். கண், மூக்கு, தாடை எல்லாம் சேர்ந்த அமைப்பு அந்த எண்களில் அடங்கிவிடும். எதைக் கவனிக்கணும்னு லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து அது முன்னமே பழகியிருக்கும்.

3. அந்த எண்களை ஏற்கனவே சேமித்து வைத்த பட்டியலோடு ஒப்பிடும்.

4. கடைசியாக எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு ஒரு மதிப்பெண் போடும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். "இவர்தான் அவர்"னு இயந்திரம் ஒருநாளும் சொல்லாது. "இவ்வளவு ஒத்துப்போகுது"ன்னு மட்டும்தான் சொல்லும். எத்தனை மார்க் வந்தால் பாஸ் என்று முடிவு பண்ணுவது மனுஷங்கதான். பாஸ் மார்க்கை ஏத்தினா உண்மையான ஆள் தப்பிச்சுப் போகலாம். இறக்கினா சம்பந்தம் இல்லாதவங்க மாட்டுவாங்க. இரண்டும் இல்லாத இயந்திரம் இதுவரை இல்லை.

இரண்டு வகை

ஒன்று, ஒருவரை ஒரே ஒரு படத்தோடு ஒப்பிடுவது. மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலியில் 2025 ஜூலை 1 முதல் அங்கன்வாடியில் வீட்டுக்கு வாங்கிப் போகும் சத்துணவுக்கு முகம் காட்டுவது கட்டாயம் ஆக்கப்பட்டது. இது அந்த வகை. இதில் தப்பு நடந்தால் உரிய தாய்க்குச் சத்துமாவு கிடைக்காமல் போகும்.

இன்னொன்று, கூட்டத்தில் போகும் எல்லோரையும் ஒரு பெரிய பட்டியலோடு ஒப்பிடுவது. கண்காணிப்பு என்பது இதுதான். இதில் தப்பு நடந்தால் ஒன்றும் செய்யாதவரைப் பிடிப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு திருவிழாவுக்கு 20,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் திருடன் ஒருவன். இயந்திரம் 1000 பேரில் ஒருவரைத்தான் தவறாகக் காட்டும், திருடனையும் சரியாகக் காட்டிவிடும். அதாவது 99.9 சதவீதம் சரி. கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனால் 20,000 பேரில் 20 அப்பாவிகளை அது காட்டும். மொத்தம் பிடிபடுவது 21 பேர், அதில் திருடன் 1. விளம்பரத்தில் 99.9 என்பதைத்தான் போடுவார்கள். 20 பேர் கதையை நாமதான் கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

நம் நாட்டில் நடந்தவை

டெல்லி காவல்துறை காணாமல் போன குழந்தைகளைத் தேடத்தான் இந்த மென்பொருளை வாங்கியது. 2018 ஏப்ரலில் சோதனை நடத்தி, சுமார் 3000 குழந்தைகளை அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், அதன் துல்லியம் 2 சதவீதம்தான் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2019இல் பையனையும் பெண்ணையும்கூடப் பிரித்து அறிய முடியவில்லை என்று மத்திய அமைச்சகம் சொன்னது. ஆனாலும் 2020 பிப்ரவரி டெல்லி கலவரத்துக்குப் பிறகு இதை வைத்து 1100 பேருக்கு மேல் அடையாளம் கண்டோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். குழந்தைகளைத் தேட வந்த கருவி வேறு வேலைக்குப் போய்விட்டது.

நம் தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் காவல்துறைக்கான முக அடையாள மென்பொருளை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் செய்து கொடுத்தது. சந்தேகப்படும் ஆளைப் போலீஸ்காரர் செல்போனில் படம் எடுத்து ஒப்பிடலாம். 2024 மே மாதம் அந்த இணையதளத்துக்குள் வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள். காவல்துறையும் அதை ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டு திருட்டுப் போனால் மாத்திக்கலாம். முகத்தை மாத்த முடியுமா?

ஹைதராபாத்தில் 2021 மே மாதம் எஸ். க்யூ. மசூத் என்ற சமூக ஆர்வலரைப் போலீசார் தெருவில் நிறுத்தி, கொரோனா முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எந்தச் சட்டப்படி எடுத்தீர்கள் என்று அவர் நோட்டீஸ் அனுப்பினார். பிறகு தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரப் போலீசார் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை, அவர் பிள்ளைகள் கண் முன்னாடியே கைது செய்தார்கள். கடையில் வாட்ச் திருடியவர் என்று இயந்திரம் காட்டியது. திருடியது வேறு ஆள். சுமார் 30 மணி நேரம் அவர் காவலில் இருந்தார்.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?"

எங்க அப்பாயி இப்படித்தான் கேட்டாங்க. நிறையப் பேர் இப்படித்தான் கேட்கிறாங்க. டெட்ராய்ட்காரர் என்ன தப்பு செய்தார்? அது ஒரு பதில். இன்னொரு பதில் நம்ம ஊர்ப் பக்கத்திலேயே இருக்கு.

2017 பிப்ரவரி 16 அன்று நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் தொடங்கியது. விவசாயிகள், பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், வெளியூர்க் கல்லூரி மாணவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தாங்க. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நம் திருவரங்குளம் ஒன்றியமும் அதில் சேர்ந்தது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. பந்தல் வாசலில் ஒரு கேமரா, வந்த ஒவ்வொருவர் பேரும் பட்டியலில் ஏறும் என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பாங்க? "உனக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும், போலீஸ் விசாரணைக்கு வருவாங்க, நீ போகாதே"ன்னு வீட்டிலேயே தடுத்திருப்பாங்க. யாரையும் கைது செய்யத் தேவையே இல்லை. பயமே கூட்டத்தைக் கலைச்சிடும். அமைதியாகக் கூடுவது அரசியலமைப்புச் சட்டம் 19ஆம் பிரிவு நமக்குக் கொடுத்த உரிமை. அது தப்பே இல்லை. ஆனாலும் பயம் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பு சொன்னார்கள். அரசு அதில் கை வைக்கணும்னா சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், தேவைக்கு மேல் போகக் கூடாது. முக அடையாளத்துக்கு என்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்க இடம் வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் பொது இடத்தில் போலீஸ் உடனுக்குடன் முகம் தேடுவதை 2025 பிப்ரவரி முதல் சில விதிவிலக்குகளோடு தடுத்திருக்கிறார்கள்.

என்ன கேட்கணும்?

ஊரில் கேமரா வைத்தால் வேண்டாம்னு கத்தவும் வேண்டாம், சும்மா கைதட்டவும் வேண்டாம். இந்த ஆறு கேள்வியைக் கேட்கலாம்:

1. இது பதிவு மட்டும் செய்யுமா, முகத்தையும் தேடுமா?
2. எந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறது? அதில் யார் யார் படம் இருக்கு?
3. பாஸ் மார்க் எத்தனை?
4. படத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?
5. எந்தச் சட்டப்படி, யார் உத்தரவு?
6. தப்பாகக் காட்டினால் யார் பொறுப்பு?

கேட்பதற்கு வழி, 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தரணும். சில பாதுகாப்புப் பிரிவுகளுக்கு விலக்கு உண்டு. டெல்லி போலீஸ் 80 சதவீதம் ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதும் 2022இல் இப்படிக் கேட்ட மனுவால்தான் வெளியே தெரிந்தது. அதை வாங்கியது இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு. சட்டம் எல்லோருக்கும் ஒண்ணுதான். அந்த மனுவை எழுதத் தமிழ் தெரிந்தால் போதும்.

இந்தத் தாளின் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றும் ஏழாவது கேள்வியைப் பென்சிலால் எழுதுங்க. ஆசிரியர்களும் எழுதலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கீரமங்கலம்